சகலனும் நானும் ஒரு மாலிபுவும்

வெள்ளி இரவு. ஸ்காபரோ.
கராஜ் கதவு பாதி இறங்கியிருக்கிறது.
எண்பத்துநாலாம் ஆண்டு மாலிபுவின் கீழே
நிமலரூபன். கால் மட்டும் வெளியே.
பதினாலாம் சாவி கேட்கிறான்.
நான் நீட்டியது அரை அங்குலம்.
திட்டுகிறான். சகலன் திட்டினால் திருப்பித் திட்டலாம்.
கூடப் பிறந்தவன் என்றால்
ஆயுளுக்கும் ஞாபகம் வைத்திருப்பான்.

அக்காவை அவனும் தங்கையை நானும் கட்டிப்
பதினொரு வருஷம்.
பிறந்தநாள் விருந்துகளில்
அருகருகே இருத்திவைத்து அளப்பார்கள்:
யாருடைய வீடு, யாருடைய தொப்பை,
மாமாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனது யார்.
காருக்கு மட்டும் ஆளுக்குப் பாதி போட்டோம்.
என்ன விலை என்று இரண்டு வீட்டிலும்
வேறு வேறு தொகை சொல்லியிருக்கிறோம்.
ஒருநாள் அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள்.

சனி விடிய, கயூகா.
சோளக் காணிகளுக்கு நடுவே கால் மைல் தார்.
இரண்டு பேர், இரண்டு கட்டணம், ஒரு கார்.
இங்கே வேகம் பெரிய விஷயமில்லை.
எத்தனை செக்கனில் போய்ச் சேர்வேன் என்று
சப்பாத்து வெள்ளையால்
நீயே கண்ணாடியில் எழுதவேண்டும்.
எழுதியதற்குப் பிந்தினால் மற்றவன் வெல்வான்.
எழுதியதற்கு முந்தினாலோ
பொய்யன் நீ, வீட்டுக்குப் போ.

எனக்குப் பன்னிரண்டு புள்ளி மூன்று ஒன்று.
அவன் என்னைவிட முப்பது கிலோ கூட.
பன்னிரண்டு புள்ளி மூன்று எட்டு.

அவன் ஓடிவிட்டு வருவான்.
கதவு திறக்க முன்னமே நான் நிற்பேன்.
சீற் மூன்று பல் முன்னுக்கு. பட்டிகள் இறுக்கம்.
எட்டைத் துடைத்து ஒன்று.
எஞ்சின் தலையில் ஈரத் துவாய்,
றேடியேற்றருக்கு முன்னால்
சுகிர்தா தேடிக்கொண்டிருக்கும் மேசை விசிறி.
பின் ரயரில் பதினைந்து இறாத்தல்,
அதற்கு மேல் ஒரு மூச்சுக்கூட இல்லை.
இரண்டாவதாக ஓடுகிறவனுக்குச் சூடான கார்.
சூடான கார் சோம்பல் பிடித்தது.
ஆகையால் முறை வைத்தோம்,
ஒரு சுற்றில் சூடு அவனுக்கு, மறு சுற்றில் எனக்கு.

மூன்றாவது மஞ்சளிலேயே கால் எழவேண்டும்.
பச்சையைப் பார்த்துப் புறப்பட்டவன்
பச்சையை மட்டும்தான் பார்த்தான்.

நாற்பத்தாறு பேர் பன்னிரண்டாகி, ஆறாகி,
பின்னேரம் நாலரைக்கு நான்காகினார்கள்.
மார்லீன் தாளைத் தூக்கிக் காட்டினாள்:
இடப்பக்கத் தடம் நான்.
வலப்பக்கத் தடம் அவன்.

ஒரு கார் தன்னோடு தான் ஓடாது.
ஒருவர் விலகுங்கள், மற்றவர் தனியாக ஓடலாம்,
ஐந்து நிமிஷம், என்றாள்.

அன்று முழுக்க அவன் கால்தான் சுத்தம்.
நாலு தரமும் விளக்கோடு ஒட்டிப் புறப்பட்டவன்.
அதை நான்தான் சொல்லவேண்டும்.
வாய் வரைக்கும் வந்தது.
பூவா தலையா போடலாம் என்றேன்.
இரண்டு பேரின் பொக்கற்றிலும் காசில்லை,
அட்டைகள்தான்.

அவன் துணியை எடுத்தான்.
தன் எட்டைத் தானே துடைத்தான்.
'கால் கொஞ்சம் விறைக்குது மச்சான்,
நீ போ' என்றான்.
கதவடியில் குந்தியிருந்து
சீற்றை முன்னுக்குத் தள்ளினான்,
ஒரு பல், இரண்டு பல், மூன்று.
விறைத்த காலோடு யாரும் அப்படிக் குந்துவதில்லை.

பக்கத்துத் தடம் வெறுமை.
எனக்காக மட்டும் மூன்று மஞ்சள்.
மெதுவாகவே புறப்பட்டேன், யார் கேட்பது?
போய்ச் சேர்ந்தது பன்னிரண்டு மூன்று ஒன்று,
எழுதியபடியே.

இறுதியில் ஒரு டொட்ஜ் பிக்கப்.
ஓட்டியவள் கண்ணாடிக்குள் சூயிங்கம் மென்றாள்.
என் பக்கம் சிவப்பு.
செக்கனின் ஆயிரத்தில் மூன்று பங்கு
முந்திப் போயிருந்தேன்.

நிமலன் ஒன்றும் சொல்லவில்லை.
ட்ரெயிலரில் சங்கிலி போடும்போது
கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான்.

ஹமில்ற்றன் தாண்டி, கோப்பி வாங்க நிறுத்தியபோது
இரண்டாம் பரிசுக் கவரைத் திறந்து
நானூறு டொலரை டாஷ்போர்டில் பிரித்தேன்.
பின் ரயர் இரண்டும் முடிஞ்சுது,
ஆளுக்கொன்று வாங்குவம், என்றேன்.

நெடுநேரம் கோப்பியை ஊதிக்கொண்டிருந்தான்.
'எனக்கு எது,' என்றான்,
'இடதா, வலதா?'